தோட்டப் பட்டணத்து வங்கி முகப்பும் கோலாலம்பூர்க் கோப்பும்: கள்ளப்பணத் தடுப்பு அமைப்பு எப்படி இயங்குகிறது

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தின் கடைத்தெருவை ஒருமுறை சுற்றி வந்தாலே, மலேசியாவின் கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட தொழில்களில் பலவற்றைப் பார்த்துவிடலாம். வங்கிக் கிளை, நகைக்கடை, அடகுக்கடை, நாணய மாற்றுக் கடை, உரிமம் பெற்ற வட்டிக்கடை, வீடு நிலம் எழுதித் தரும் வழக்கறிஞர் அலுவலகம், நான்கு எண் லாட்டரி எழுதும் கடை ஆகிய எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் ‘அறிக்கை தரும் நிறுவனங்கள்’. ஆனால் அந்தச் சட்டத்தின் சுருக்கப் பெயரான ‘அம்லா’ காதில் விழுந்தவுடன் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது டான்ஸ்ரீ, டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் நீதிமன்றப் படிக்கட்டில் இறங்கி வரும் தொலைக்காட்சிக் காட்சிதான். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி, அவருடைய வங்கிக் கணக்கு ஒருநாள் முடக்கப்படும்போதுதான் எழுகிறது. ஆகவே அந்த அமைப்பு யாருடையது, எதைச் செய்ய வல்லது, எங்கே அதன் கை நின்றுவிடுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

1989-ஆம் ஆண்டு தொழில்வள நாடுகள் கூடி எஃப்ஏடிஎஃப் எனப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை அமைத்தன. போதைப்பொருள் வியாபாரியைப் பிடித்தால் மட்டும் போதாது, அவன் ஈட்டிய பணம் வீடாகவும் நிலமாகவும் நிறுவனப் பங்காகவும் மாறி நிலைத்துவிட்டால் அடுத்தவன் அதே தொழிலுக்கு வருவான் என்பதே அதன் அடிப்படை எண்ணம். மலேசியா 2000-இல் ஓர் தேசிய ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்து, 2001-இல் 613-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அது 2002 ஜனவரி 15-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. தொடக்கத்தில் கள்ளப்பணத்தைப் பற்றி மட்டும் பேசிய அந்தச் சட்டம், பிறகு பயங்கரவாத நிதியையும், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டவிரோதச் செயல்களின் வருமானத்தையும் தன் நீண்ட பெயரிலேயே சேர்த்துக்கொண்டது.

இந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு, குற்றத்தால் வந்த பணத்தைப் பெறுவது, வைத்திருப்பது, மாற்றுவது, அதன் மூலத்தை மறைப்பது ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்குகிறது. திருடியவருக்குத் திருட்டுக்கான தண்டனை வேறு. அந்தப் பணத்துக்குப் பொய்யான ஒரு வரலாற்றை உண்டாக்கியவருக்கு இந்தப் பிரிவின்படி 15 ஆண்டு வரை சிறையும், தொடர்புடைய தொகையின் ஐந்து மடங்கு அல்லது 5 மில்லியன் ரிங்கிட், இவற்றில் எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதமும் வேறு. எந்தெந்தக் குற்றங்களின் பணம் இதில் அடங்கும் என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஊழல், போதைப்பொருள், ஆள்கடத்தல், சுங்க ஏய்ப்பு, வருமான வரி ஏய்ப்பு என்று நீளும் அந்தப் பட்டியலில் உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆ லோங் தொழிலும் உண்டு. தோட்டப் புறங்களில் அந்தத் தொழில் குடும்பங்களை என்ன பாடுபடுத்தியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த ஒரு வரியின் கனத்தை உணர்வார்கள்.

இனி அமைப்புக்கு வருவோம். மலேசியாவில் இதற்கெனத் தனியே ஒரு துறைக் கட்டடமோ சீருடையோ இல்லை. சட்டம் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்று குறிப்பிடுவது பேங்க் நெகாரா மலேசியாவைத்தான். அதற்குள் இயங்கும் நிதிப் புலனாய்வு, அமலாக்கத் துறைதான் நாடு முழுவதிலிருந்தும் வரும் அறிக்கைகளைப் பெற்று, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, உரிய அமலாக்கத் தரப்புக்கு அனுப்புகிறது. அனுப்பப்படும் இடங்கள் பல. புக்கிட் அமானில் உள்ள காவல்துறைத் தலைமையகம், ஊழல் தடுப்பு ஆணையம், உள்நாட்டு வருமான வரி வாரியம், சுங்கத்துறை, பங்குப் பத்திர ஆணையம் என ஒவ்வொன்றும் தன் தன் எல்லைக்குள் வரும் குற்றத்தை விசாரிக்கும். பேங்க் நெகாராவே நேரடியாக விசாரித்துச் சோதனையிடும் குற்றங்களும் உண்டு. உரிமமில்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவதும், உரிமமில்லாமல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பித் தருவதும் அவற்றில் முக்கியமானவை.

ஒரு சந்தேக அறிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, காலையில் செக்ரோல் எனும் வருகைப் பதிவை எடுக்கும்போது யார் வந்தார், யார் வரவில்லை, யாருடைய எடை வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுகொள்வதைப் போல, வங்கியும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வழக்கத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த அளவு சம்பளம் மாதாமாதம் வந்து, சில நாள்களில் வீட்டுச் செலவுக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் கரைந்துபோகும் ஒரு கணக்கில், ஒரே பிற்பகலில் 40,000 ரிங்கிட் ஐந்தாறு முகம் தெரியாத பெயர்களிலிருந்து வந்து அரைமணி நேரத்தில் வேறு மாநிலத்துக் கணக்குகளுக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் எந்தக் குற்றமும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் கணக்குக்கும் அதன் உரிமையாளரின் வாழ்க்கைக்கும் பொருத்தம் இல்லை. அந்தப் பொருத்தமின்மையே அறிக்கைக்குப் போதுமானது. வங்கியின் இணக்க அதிகாரி சந்தேகத்தை உறுதிசெய்த பிறகு, அடுத்த வேலைநாளுக்குள் அறிக்கை பேங்க் நெகாராவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை இந்த இடத்தில் வங்கியைத் தடுக்காது; நல்லெண்ணத்தோடு அறிக்கை தந்தவர் மீது வழக்குத் தொடரவும் முடியாது. மறுபக்கம், ‘உங்களைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது’ என்று வாடிக்கையாளரிடம் கசியவிடுவது 14ஏ பிரிவின்படி குற்றம். சிறிய ஊர்களில் இந்த விதி கடினமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவளாகவும், அதே கோயில் திருவிழாவில் பால்குடம் எடுப்பவளாகவும் இருப்பாள். “என்னம்மா, கணக்குல ஏதாவது பிரச்சினையா?” என்று மாமா முறையுள்ளவர் கேட்டால், வாய்மூடி இருப்பது சட்டத்தின் கட்டளை.

சந்தேகம் எதுவும் இல்லாமலே போகும் அறிக்கையும் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நம்மிடையே வீண் அச்சம் அதிகம். ஒரே நாளில் ஒரு கணக்கில் 25,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டாலும் எடுத்தாலும் வங்கி அதைத் தெரிவிக்க வேண்டும். முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த இந்த வரம்பு 2019 ஜனவரி முதல் குறைக்கப்பட்டது. இது தடையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நிலம் விற்றவரோ, மகள் திருமணத்துக்குப் பணம் எடுத்தவரோ, வீட்டில் நீண்ட காலம் வைத்திருந்த ரொக்கத்தை வங்கியில் போட்டவரோ பத்திரத்தையும் இரசீதையும் கையில் வைத்திருந்தால் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ‘பேங்க் நெகாராவுக்குத் தெரிந்துவிடும், பத்துப் பத்தாயிரமாகப் போடுங்கள்’ என்று யாரோ காதில் ஓதிய அறிவுரையைக் கேட்டு ஒரு தொகையைத் துண்டு போடுபவர், இல்லாத சிக்கலைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அறிக்கையைத் தவிர்க்கும் நோக்கத்தோடு பணத்தைப் பிரிப்பதை 2014 முதல் ‘4ஏ’ பிரிவு தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு 7 ஆண்டு வரை சிறையோ 3 மில்லியன் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தேநீர்க்கடை அறிவுரைகளில் இதைவிட ஆபத்தானது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நகைக்கடைக்கு வரம்பு வேறு: 50,000 ரிங்கிட் அல்லது அதற்கு மேலான ரொக்க வணிகம் என்றால் வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். நாணய மாற்றுக் கடையில் அது 3,000 ரிங்கிட்டிலேயே தொடங்குகிறது.

தமிழ்நாட்டுச் செய்திகளை நாள்தோறும் பார்க்கும் மலேசியத் தமிழர்களிடம் இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே அமலாக்கத் துறை அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, சொத்தை முடக்குகிறது, கைது செய்கிறது. ஆகவே இங்கேயும் அதுபோல ஒன்று இருக்கும் என்று எண்ணுகிறார்கள். இந்தியாவில் இரண்டு வேலைகளும் இரண்டு அமைப்புகளிடம் இருக்கின்றன. அறிக்கைகளைப் பெறுவது 2004-இல் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவு. 2005-இல் நடப்புக்கு வந்த பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரித்துக் கைது செய்வது அமலாக்கத் துறை. சிங்கப்பூரில் அறிக்கைகள் போவது காவல்துறையின் வணிகக் குற்றப் பிரிவுக்குள் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு. இலங்கையிலும் மலேசியாவிலும் அது மத்திய வங்கிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஏற்பாட்டிலும் ஒரு வசதியும் ஒரு குறையும் கலந்தே வருகின்றன. மத்திய வங்கிக்குள் இருப்பதால் வங்கிகள் அஞ்சியும் மதித்தும் தகவல் தரும். உரிமத்தையே கையில் வைத்திருப்பவரிடம் யாரும் விளையாடுவதில்லை. 2015 நவம்பரில் அம்பேங்க் வங்கிக்கு பேங்க் நெகாரா 53.7 மில்லியன் ரிங்கிட் அபராதம் விதித்தது அந்த அதிகாரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் புலனாய்ந்து கண்டதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முடிவு அதனிடம் இல்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் விவகாரம் காட்டியது. வெளிநாட்டில் முதலீடு செய்ய அந்த நிறுவனம் பெற்றிருந்த மூன்று அனுமதிகள், தவறான அல்லது முழுமையற்ற தகவலைத் தந்து பெறப்பட்டவை என்று பேங்க் நெகாரா 2015-இல் முடிவுக்கு வந்தது. அனுமதிகளை இரத்து செய்து, 1.83 பில்லியன் அமெரிக்க டாலரை நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவர உத்தரவிட்டதோடு, 1953-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றவழக்குத் தொடருமாறும் பரிந்துரைத்தது. குற்றம் எதுவும் நிகழவில்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் விதி, வழக்குத் தொடரவும் தொடராமல் விடவும் உள்ள அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்கே தருகிறது என்பதால், மத்திய வங்கி அதற்கு மேல் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

இதில் காலப் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. எஃப்ஏடிஎஃப் மலேசியாவை மதிப்பிட்டு வெளியிட்ட அறிக்கையும் அதே 2015-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2016 பிப்ரவரியில் மலேசியா அந்தக் குழுவின் முழு உறுப்பினரானது. ஐந்து மாதம் கழித்து, 2016 ஜூலையில், அமெரிக்க நீதித்துறை 1எம்டிபி பணத்தில் வாங்கப்பட்டதாகச் சொல்லி சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடர்ந்தது. சட்டப் புத்தகம் நன்றாக இருப்பதும் சட்டம் பெரிய மனிதரைத் தொடுவதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். 2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகே வழக்குகள் நகர்ந்தன. 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் 42 மில்லியன் ரிங்கிட் தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020 ஜூலை 28-ஆம் நாள் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டபோது, ஏழு குற்றச்சாட்டுகளில் மூன்று இந்த 613-ஆம் எண் சட்டத்தின்கீழ் வந்தவை. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் சிறைத்தண்டனையைப் பன்னிரண்டிலிருந்து ஆறு ஆண்டாகவும், அபராதத்தை 210 மில்லியனிலிருந்து 50 மில்லியனாகவும் குறைத்தது. தகவல் திரட்டும் அமைப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும், அந்தத் தகவல் யாருடைய மேசையில் போய் நிற்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் நாட்டில் இல்லை.

பட்டணத்தில் காட்சி தலைகீழானது. இங்கே மேசையில் நிற்காமல் விரைந்து வருவது சிறியவர் மீதான நடவடிக்கைதான். தொலைபேசியில் அதிகாரி போலப் பேசி ஏமாற்றும் மக்காவ் மோசடி, பகுதிநேர வேலை மோசடி, காதல் மோசடி என எந்தப் பெயரில் வந்தாலும், ஏமாந்தவரின் பணம் இறங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டும். அது மோசடிக்காரரின் பெயரில் இருக்கக் கூடாது. அதற்காக வேலையில்லாத இளைஞரிடமோ கடனில் மூழ்கிய தொழிலாளியிடமோ சில நூறு ரிங்கிட் கொடுத்து, ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்கிறார்கள். சில வேளைகளில் ஆ லோங் தன் கடனுக்கு ஈடாகவே அட்டையைப் பிடித்துவைத்துக்கொள்கிறான். சம்பள நாளில் பணத்தை அவனே எடுத்துக்கொள்வதற்காக என்று நினைத்துக் கொடுத்த அட்டை, வேறொருவரின் ஓய்வூதியப் பணம் கடந்துபோகும் வழியாகிவிடுகிறது. இதையே மியூல் கணக்கு என்கிறார்கள்.

முன்பு இத்தகைய கணக்குக்காரர்கள் மீது தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவுகளையோ, 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தையோ பயன்படுத்திவந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்ததை மெய்ப்பிக்க முடியாமல் வழக்குகள் தடுமாறியதால், 2024-இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ எனத் தொடங்கும் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சட்டபூர்வக் காரணமின்றித் தன் கணக்கை இன்னொருவர் ஆளக் கொடுப்பதே இப்போது குற்றம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையம், 997 என்ற எண்ணில், ஏமாந்தவரின் அழைப்பைப் பெற்றவுடன் காவல்துறையையும் பேங்க் நெகாராவையும் வங்கிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, பணம் கணக்குக்குக் கணக்கு தாவுவதற்கு முன் நிறுத்த முயல்கிறது. இது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் கண்ணியில் முதலில் சிக்குபவர் அட்டையைக் கொடுத்தவர்தான். அட்டையை வாங்கியவர் பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்ணாக மட்டுமே இருந்து மறைந்துவிடுகிறார்.

உண்டியல் எனப்படும் தனியார் முறையில், வங்கி வழியன்றி, ஊருக்குப் பணம் அனுப்பும் பழக்கம் நம்மவர்களுக்குப் புதிதில்லை. செட்டியார்கள் கிட்டங்கி எனும் வட்டிக்கடைகளை நடத்திய காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. இன்றும் தமிழ்நாட்டிலிருந்து உணவகத்துக்கும் முடிதிருத்தகத்துக்கும் வேலைக்கு வந்தவர்கள் அதை நாடுகிறார்கள். 2011-ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்படி உரிமமில்லாத உண்டியல்காரருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 5 மில்லியன் ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. அனுப்புபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் உண்டியலில் பணம் எல்லையைக் கடப்பதில்லை. இங்கே கொடுத்த ரிங்கிட் இங்கேயே தங்க, அங்கே யாரோ ஒருவரின் ரூபாய் கொடுக்கப்படுகிறது. அந்த யாரோ ஒருவர் போதைப்பொருள்காரராக இருந்தால், முடிதிருத்தகத் தொழிலாளியின் சேமிப்பு அவருடைய பணத்துக்குப் போர்வையாகிவிடும். பதிவேடு இல்லாத இடத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் சட்டத்தின் கவலை.

கூட்டு எனப்படும் சீட்டுப் பிடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தாலும், தோட்டத்து லயங்களில் பெண்கள் ஒருவரையொருவர் நம்பிப் போடும் சீட்டைத் தேடி யாரும் கோலாலம்பூரிலிருந்து வரப்போவதில்லை. அதே நம்பிக்கையை முதலாக்கி மாதந்தோறும் ஆதாயம் தருவதாகச் சொல்லும் திட்டங்கள்தான் கவனத்துக்குரியவை. 2012 அக்டோபரில் சோதனையிடப்பட்ட ஜெனீவா என்ற நிறுவனத்தின் தங்கத் திட்டம் அந்த வகையின் பெரிய எடுத்துக்காட்டு. உரிமமின்றி வைப்புத்தொகை பெறுவது, 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 137-ஆம் பிரிவின்படி 10 ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். அப்படித் திரட்டிய பணத்தைக் கையாள்வது மீண்டும் 613-ஆம் எண் சட்டத்துக்குள் வந்துவிடும்.

கணக்கு முடக்கப்பட்டவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். விசாரணையின்போது 44-ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் முடக்க ஆணை, அதற்குள் யார் மீதும் குற்றம் சாட்டப்படாவிட்டால் 90 நாளில் காலாவதியாகும். வங்கியில் உள்ள பணத்தைக் கைப்பற்ற அரசு வழக்கறிஞர் 50-ஆம் பிரிவின்கீழ் ஆணை பிறப்பிக்கலாம். யார் மீதும் வழக்கே தொடராவிட்டாலும், கைப்பற்றிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்து, அந்தப் பணத்தை மட்டும் பறிமுதல் செய்யும்படி 56-ஆம் பிரிவின்கீழ் அவர் கேட்கலாம். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாத நிலையிலும் குற்றப்பணம் தப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஆனால் நடைமுறையில், தம்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத ஒருவர் தம் பணத்துக்காகத் தாமே வழக்கறிஞரை அமர்த்தி வாதாட வேண்டிய நிலையையும் அது உண்டாக்குகிறது. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு வழக்கறிஞர் கட்டணமே முடக்கப்பட்ட தொகையைத் தாண்டிவிடக்கூடும்.

அப்படி உரிமை கோருவோருக்கு 61-ஆம் பிரிவு சில நிபந்தனைகளை வைக்கிறது. பணத்தின்மீது அவருக்குச் சட்டபூர்வ உரிமை இருக்க வேண்டும். குற்றத்தில் அவருக்குப் பங்கோ உடந்தையோ இருந்திருக்கக் கூடாது. அது குற்றத்துக்குப் பயன்படுவது அவருக்குத் தெரியாமலும், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்ளாமலும் இருந்திருக்க வேண்டும். அந்தச் சொத்து சட்டவிரோதமாகப் பயன்படாமல் தடுக்க நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அனைத்தையும் அவர் செய்திருக்க வேண்டும். சம்பளக் கணக்கின் அட்டையையும் இரகசிய எண்ணையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு முதல் நிபந்தனைகளில் ஓரளவு வாதம் இருக்கலாம். கடைசி நிபந்தனையில் அவரால் சொல்லக்கூடியது மிகக் குறைவு.